எறும்புக்குப் பின்னால்

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்றுதான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். இதயத்துக்குப் போகிற குழாயில் கம்பிச் சுருள் ஒன்றை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். "ஐயா, தினமும் பிரஷர், நடந்தது, சாப்பிட்டது எல்லாத்தையும் எழுதி வைங்க. மனசுல ஏதாச்சும் உறுத்துனாலும் எழுதுங்க, நல்லது" என்றார்.

எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று, என் மண்டி. போடியில் மூட்டை தூக்கித் தொடங்கியவன் நான். இன்று தனுஷ்கோடி ஏலக்காய் மண்டி என்றால் குமுளி வரைக்கும் தெரியும். மலையிலிருந்து புதுக்காய் இறங்குகிற நேரம் பார்த்துப் படுக்கப் போட்டுவிட்டது. இன்னும் ஒரு மாதம் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். கடையை மைத்துனன் பால்பாண்டி பார்க்கிறான். பார்க்கிறான் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பிரஷர் 150/90. உப்பில்லாத இட்லி, உப்பில்லாத சட்னி. சொர்ணமும் எதிரே உட்கார்ந்து அதையே தின்றாள். உனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். "உங்களுக்கு இல்லாத உப்பு எனக்கு எதுக்கு?" என்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இவளிடம் பேசி நான் ஜெயித்ததில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததும் போய் விளக்கு வைத்த பிறகு வருகிற ஆள் நான். இந்த வீட்டுக்குக் காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. சமையலை இறக்கி வைத்ததும் சொர்ணம் காமிராவை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கோலப்புள்ளி வைக்கப் போகிறவள் மாதிரி தரையைப் பார்த்தபடியே வாசல் கேட்டுக்குப் போனாள். அங்கே போய்ச் சேருவதற்குள் காமிரா கண்ணுக்கு ஏறிவிட்டது. கேட்டில் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கிறது. அதில் ஊரும் எறும்பைப் படம் எடுக்கிறாள்! மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் பெருவிரலை ஊன்றி, உடம்பை முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் அசைக்கிறாள். என் கட்டில் ஜன்னலிலிருந்து அவள் முதுகும் கேட்டில் பாதியும் தெரியும். தெருவை மாமரம் மறைத்துவிடும்.

"எம்புட்டு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீங்க கடைக்குப் போனப்புறம் நான் என்ன செய்யிறேன்னு என்னைக்காச்சும் கேட்டீகளா?"

காமிரா அவன் வாங்கியது. வைரவன். என் மகன். எழுதச் சொன்னார் அல்லவா டாக்டரம்மா, எழுதிவிடுகிறேன். என்னோடு மண்டியில் இருந்தபோது, வடக்கத்திப் பார்ட்டிகளுக்குக் காயைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று அதையும் ஒரு மேக்ரோ லென்ஸையும் வாங்கினான். பிறகு எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. ராஜ்கோட் கம்பெனி ஒன்றுக்குக் கொள்முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான். அதைக்கூட விட்டுவிடலாம். ஏலக்கூடத்தில் நான் கண் வைத்திருந்த ஒரு லாட் காய்க்கு, எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு விலையை ஏற்றினான். நான் ஏற்ற, அவன் ஏற்ற, கூடமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் கையை எடுத்தது நான். பின் வரிசையில் எவனோ, "குட்டி பாஞ்சிருச்சுப்பா" என்றான். சிரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனி அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். சொர்ணத்தின் கையைப் பிடித்து என் தலையில் வைத்து, அவளையும் சத்தியம் செய்யச் சொன்னேன். "அவன் முகத்தைக் கண்ணால பாக்க மாட்டேன், உங்க தலை மேல சத்தியம்" என்றாள். மூன்று வருஷமாகிறது. அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் அவளைச் சொல்ல வைத்தேன்.

இதில் உறுத்த ஒன்றுமில்லை. பிரஷர் 150/95.

ஆகஸ்ட் 6, புதன்

எறும்பிடம் பேசுகிறாள்.

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "சாப்டியா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருமல் விட்டுருச்சா? ஓமத்தை வறுத்துத் துணியில கட்டி மோந்து பாக்கச் சொல்லு" என்றாள்.

தனியாகக் கிடந்தால் மனுஷிக்கு இப்படித்தான் ஆகும். மதுரைக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போது இவளையும் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தெருவில் ஒரு பைக் நின்று, கிளம்பிப் போகிற சத்தம். எதிர்ச்சாரிக்கு டீ குடிக்க வருகிறவன் எவனாவது இருப்பான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலை இல்லாத மனுஷி எறும்பைப் படம் எடுப்பதற்கு நம் சரக்கைப் படம் எடுக்கட்டும் என்று, பால்பாண்டியைப் புதுக்காயில் ஒரு படி கொண்டுவரச் சொன்னேன். நல்ல பச்சை, எட்டு எம்.எம்.முக்கு மேலே, விரலில் உருட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற காய். டெல்லிப் பார்ட்டி படம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சொர்ணம் வாழை இலையில் கொட்டி, ஜன்னலோரம் குனிந்து எடுத்தாள். பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. நடுவில் ஒரே ஒரு காய். அதிலும் காம்பும் ஒரு பக்க வரியும்தான் தெளிவு. மயிர் மாதிரி அந்த வரி தெரிகிறது. முன்னாலிருக்கிற காயும் பின்னாலிருக்கிற காயும் எல்லாம் பச்சைத் தண்ணீராகக் கரைந்து கிடக்கிறது.

"ஒரு காயைக் காட்டி ஒரு மூட்டையை மறைக்கிறதா? இப்படி எவனாவது எங்கிட்ட சாம்பிள் காட்டுனா கையோட திருப்பி அனுப்பிருவேன்."

"மறைக்கலைங்க. அது அங்கனேதான இருக்கு? எல்லாத்தையும் சேத்துக் காட்டுனா ஒருத்தரும் ஒண்ணையும் பாக்க மாட்டாக."

"அக்கா சொல்றது சரிதான் மச்சான்" என்றான் பால்பாண்டி. "கல்யாண வீட்டுல பொண்ணை மட்டும் பாத்துட்டு வர்றதில்லையா?"

"நீ பந்தியை மட்டும்தானடா பாத்துட்டு வருவ."

அப்புறம் லென்ஸைப் பற்றிக் கேட்டேன். சரக்கு எதுவானாலும் அதன் நெளிவு சுளிவு தெரியாமல் விட்டவனில்லை நான். லென்ஸுக்குள்ளே ஒரு கண் இருக்கிறதாம். அதை அகலத் திறந்தால் ஒரு நூல் கனத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். இடுக்கினால் முன்னே பின்னே எல்லாமே தெளிவாக விழும். கிட்டத்தில் போகப் போக அந்த நூலும் மெலிந்துகொண்டே போகுமாம். மூச்சு விட்டாலே தப்பிவிடும் என்கிறாள். இது எனக்குப் புதிது இல்லை. காயைத் தரம் பார்க்கும்போது நாங்களும் கண்ணை இடுக்கித்தான் பார்க்கிறோம்.

"அப்ப நீயும் இடுக்கி எடுக்க வேண்டியதுதான?"

"எனக்கு அகலத் திறந்தாத்தாங்க தோது."

ஏன் என்று கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டெல்லிப் பார்ட்டிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. போனில் கூப்பிட்டு, படத்தைப் பார்த்ததும் வாசம் வந்தது என்றார். தொழிலில் இத்தனை வருஷத்தில் என் சரக்கை எவனும் இப்படிச் சொன்னதில்லை. சொர்ணத்திடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும். பிரஷர் 140/85.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு யோசனை வந்தது. வருஷா வருஷம் சிவகாசியில் சாமி படம் போட்டுக் காலண்டர் அடித்துக் கொடுக்கிறோம். எல்லாக் கடைக்காரனும் அதையேதான் கொடுக்கிறான். இந்த வருஷம் இவள் எடுத்த படங்களைப் போட்டால் என்ன? பன்னிரண்டு படம் போதும்.

"உன் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு. நானே பொறுக்குறேன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "எல்லாம் எறும்பும் பூச்சியுந்தாங்க. அதுல என்ன இருக்கு?"

"பொறுக்குறது என் தொழில்."

போய்ப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கொடுத்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்து படம் பார்த்தேன். நன்றாகத்தான் எடுக்கிறாள். எறும்பின் மீசையில் ஒட்டிய மகரந்தப் பொடி. எட்டுக்கால் பூச்சி ஒன்று, முன்வரிசையில் நாலு கண்ணை வைத்துக்கொண்டு, தவணை கேட்க வந்தவன் மாதிரி பார்க்கிறது. சங்குப்பூ மொட்டின் நுனி மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மை கரைந்த தண்ணீர்.

காய் பொறுக்குகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் நல்லதைப் பார்க்க மாட்டோம். எது எதோடு சேருகிறது என்றுதான் பார்ப்போம். ஒரே தோட்டத்துக் காய் எத்தனை மூட்டையில் கலந்து கிடந்தாலும் கண் பிரித்துவிடும். அப்படிப் பிரித்துக்கொண்டே வந்தபோது, ஒரு வகைப் படத்தில் பின்னாலிருக்கிற பச்சையில் ஒரு சிவப்புக் கறை. வட்டமாக, ஓரமெல்லாம் கரைந்து, குங்குமம் தண்ணீரில் விழுந்த மாதிரி. எறும்பு மாறுகிறது, பூ மாறுகிறது, கறை மாறவில்லை. எதிர்ச்சாரிப் புங்க மரம் இருக்கிற இடத்தில், ஆள் உயரத்தில்.

சிவப்பு ஹெல்மெட் போடுகிறவன் அவன் ஒருவன் மட்டுமில்லை, ஊரில் நிறையப் பேர் உண்டு.

இந்த வருஷத்துப் படங்களில் சிவப்புக்குக் கீழே ஒரு மஞ்சள் கறையும் சேர்ந்திருக்கிறது. சின்னது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு, வர வர மாங்காய் அளவு. ஒன்றில் மஞ்சள் சிவப்பின் மேலே ஏறியிருக்கிறது. பிள்ளையைத் தோளில் உட்கார வைத்தால் அப்படி விழும்.

கம்ப்யூட்டரை மூடினேன். காலண்டருக்குச் சாமி படமே போதும்.

ஆகஸ்ட் 13, புதன்

பிரஷர் 160/100. சொர்ணத்திடம் 140 என்று சொன்னேன். கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பால்பாண்டி வந்தான். கடை விஷயம் எல்லாம் சொல்லிவிட்டும் கிளம்பாமல் நாற்காலியில் நெளிந்தான்.

"என்னடா, முள்ளு மேல உக்காந்தாப்பல?"

"மச்சான், கோவப்படக் கூடாது. டாக்டரம்மா உங்களைக் கோவப்படக் கூடாதுன்னுருக்காக."

"கோவப்பட வைக்கக் கூடாதுன்னு உங்கிட்டயும் சொல்லிருக்காக. சொல்லு."

"வைரவனைக் கம்பெனியில ராஜ்கோட்டுக்கே கூப்புட்டுக்கிறாக. ஆடி முடியட்டும்னு இருந்துருக்கான். ஆவணி பொறந்து அடுத்த வாரம் குடும்பத்தோட கெளம்புறான். இனிமே இங்கிட்டு வர்றது எப்பவோ."

"எங்கிட்ட எதுக்கு இதைச் சொல்ற?"

"உங்ககிட்ட சொல்லலை மச்சான். சத்தமா யோசிச்சேன்."

வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில், "பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சு" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அக்காளுக்கும் தம்பிக்கும் எறும்பிடமும் சுவரிடமும் பேசுகிற வியாதி குடும்பத்திலேயே இருக்கிறது.

அவன் போகட்டும். ஏலக்கூடத்தில் எதிர் வரிசையில் ஒரு ஆள் குறைவு. வியாபாரத்துக்கு நல்லதுதான்.

இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. உப்பில்லாததால் இருக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் நல்ல சாரல். மழையில் போவாளா என்று பார்த்தேன். குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போனாள். இன்று பேச்சு வெகு கிட்டத்தில் கேட்டது. புங்க மரம் ஒழுகியிருக்கும், கேட்டு ஓரத்துச் சன்ஷேடுக்குக் கீழே வந்துவிட்டான் போலிருக்கிறது. பிள்ளையின் சத்தமும் கேட்டது. "த்தா, த்தா" என்றது. யாரைச் சொல்கிறது என்று தெரியாது. பல் முளைக்கிற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும்.

திடீரென்று சொர்ணம், "ஐயய்யோ" என்றாள். குடை கீழே விழுந்தது. தலையைக் குனிந்தபடி உள்ளே ஓடி வந்து, காமிராவை மேஜையில் போட்டுவிட்டுப் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எழுந்து போய்க் காமிராவைப் பார்த்தேன். கடைசிப் படத்தில் கேட்டுக் கம்பியில் ஒரு மழைத்துளி தொங்குகிறது. பின்னால் வழக்கம்போலக் கறை. ஆனால் துளிக்குள்ளே, எள்ளளவுக்கு, ஒரு ஆள். பெரிதாக்கிப் பார்த்தேன். தலைகீழாக நிற்கிறான். பின்னாலிருப்பதையெல்லாம் துளி தனக்குள்ளே இழுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறான். முன்னந்தலையில் முடி கொட்டியிருக்கிறது. கையில் பிள்ளை, வாயில் விரலோடு.

கண்ணை இடுக்கி ரொம்ப நேரம் பார்த்தேன்.

தலைகீழாகப் பார்த்தது கணக்கில் வராது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது நெஞ்சை அடைத்தது. வேர்த்தது. பால்பாண்டி காரில் போட்டு இங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் சொர்ணம் என் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான், என்னாலதான்" என்றாள். டிரைவர் சீட்டிலிருந்து, "அக்கா, அவரு ரெண்டு தட்டு மொச்சைக்கொட்டைக் குழம்பு தின்னதாலக்கா" என்றான் பால்பாண்டி.

அவன் சொன்னதுதான் சரி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாயு என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் சொர்ணம் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் காமிராவைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் தூங்குவது மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பைக் வந்து நின்றது. சொர்ணம் அடுக்களையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமான உளுந்து, அதில் புடைக்க ஒன்றுமில்லை. ஒரு தடவை ஹாரன் அடித்தது. முறம் நின்றது. மறுபடியும் அடித்தது. முறம் இன்னும் வேகமாக ஆடியது. பைக் போய்விட்டது.

பிரஷர் 130/80. வந்த நாளிலிருந்து இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அவளிடம் காட்டினேன். கையெடுத்துச் சாமியைக் கும்பிட்டாள். தான் பார்க்காமல் இருப்பதால்தான் இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறாள். காட்டியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றும் ஹாரன். இன்றும் உளுந்து.

பால்பாண்டி சொன்னான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறார்களாம். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டதாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மார்க்கெட்டில் எத்தனையோ பேரிடம் பேசி முடித்திருக்கிறேன். இன்று என் வீட்டில் பேச்சை ஆரம்பிக்கத் தெரியவில்லை.

"காமிராவை எடுக்கலையா?"

"லென்ஸுல பூஞ்சை பிடிச்சிருச்சு."

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"அதுக்கும் வயசாகுதுல்ல?"

அவளே ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் சொன்ன சொல்லைத் தாண்டலைங்க. முகத்தைப் பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். எறும்பைப் பாத்தா அது கலங்கலாத்தான் தெரியும். மூக்கு முழி ஒண்ணும் தெரியாது. இருக்குங்குறது மட்டும் தெரியும். எனக்கு அது போதும்னு இருந்தேன். அன்னைக்கு மழைத்தண்ணி ஏமாத்திப்புடுச்சு. பாத்துட்டேன். பிள்ளையையும் பாத்துட்டேன். மறுநாளே உங்களுக்கு..."

"அது மொச்சைக்கொட்டை."

"நீங்க எனக்காகச் சொல்லுறீக."

நான் எவருக்காகவும் எதையும் சொல்லி அவள் பார்த்ததில்லை.

மூன்று வருஷமாக, ஒரு நூல் கனத்துக்குள்ளே நின்றிருக்கிறாள். மூச்சு விட்டால் தப்பிவிடும் என்று அன்றைக்கு அவள் சொன்னது லென்ஸைப் பற்றி என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து காமிராவை எடுத்தேன். பூஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் நடந்து நாளாயிற்று, மூச்சு வாங்கியது. அவளைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். சங்குப்பூவில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றேன். பைக் சத்தம் வந்தது, நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. என்னைப் பார்த்திருப்பான்.

காமிராவுக்குள்ளே எறும்பு ஆனை மாதிரி தெரிந்தது. அதற்குப் பின்னால் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் மஞ்சள். அசையாமல் நின்றன. போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என் பிள்ளைதானே, ஏலத்தில் இறங்கினால் கையை எடுக்க மாட்டான்.

லென்ஸில் இருக்கிற வளையத்தைத் திருப்பினேன். எறும்பு கரைந்தது. பூ கரைந்தது. கொடி முழுக்க ஒரு பச்சைப் புகையாகப் போயிற்று. சிவப்புக்கு ஓரம் முளைத்தது. பிறகு தாடை, காது. அவனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது. நிமிர்ந்து நின்றிருந்தான்.

"சொர்ணம்! ஏ சொர்ணம், இங்கிட்டு வா!"

ஈரத்தலையோடு ஓடி வந்தாள். என்னை அங்கே பார்த்ததும் தலை குனிந்துவிட்டது. "என்னங்க இது, எந்திரிச்சு வந்துட்டீக? உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று என் கையை இழுத்தாள்.

"யார் தலை மேல சத்தியம் பண்ணுன?"

"என்ன பேச்சு இது?"

"சொல்லு. யார் தலை?"

"உங்க தலைதான்."

"என் தலையத்தான அடகு வச்ச? அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் கேக்குறேன், திருப்பிக் குடு. முடிஞ்சு போச்சு. நிமிந்து பாரு."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"கம்பி வச்சு முட்டுக் குடுத்துருக்கு. தாங்கும்."

அவள் நிமிரவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷப் பழக்கம், கழுத்து சட்டென்று வளையவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன். சத்தம் போட நினைத்தேன், பாதிதான் வந்தது.

"அங்கிட்டே நின்னா கலங்கலாத்தான்டா விழும். கிட்ட வா."

தெருவைத் தாண்டுகிற செருப்புச் சத்தம். கேட்டில் கை விழுந்தது. துருப்பிடித்த கேட்டு, திறக்கும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. "அம்மா" என்றான். சொர்ணம் முதலில் காலைப் பார்த்தாள். பிறகு வேட்டியை, பிறகு பிள்ளை தொங்கப் போட்டிருந்த பாதத்தை. அவன் முகத்துக்கு அவள் வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்து சேர்ந்ததும் அவள் கத்திய சத்தத்தில் கேட்டுச் சத்தம் ஒன்றுமேயில்லை.

நான் படம் எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்ய, கையில் காமிரா இருக்கிறது. அவன் என் பக்கம் திரும்பி, "அப்பா, நெஞ்சு..." என்று ஆரம்பித்தான். "நெஞ்சுக்கு என்ன, இருக்கு" என்றேன்.

அவன் பெண்டாட்டி டாக்சியில் பின்னால் வந்து சேர்ந்தாள். சாப்பிட்டார்கள். சொர்ணம் எல்லோருக்கும் உப்புப் போட்டுச் செய்தாள், எனக்கு மட்டும் இல்லை. பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்கள். என் மூக்கு. பாவம், பெண் பிள்ளை. என் விரலைப் பிடித்துப் புதுப்பல்லால் கடித்துப் பார்த்தது. காயை அப்படித்தான் நாங்களும் கடித்துப் பார்ப்போம்.

மண்டியைப் பற்றி நானும் பேசவில்லை, ராஜ்கோட்டைப் பற்றி அவனும் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள்.

எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. கை ஆடிவிட்டது. எறும்பும் கலங்கல், ஆட்களும் கலங்கல்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிரஷர் பார்க்கவில்லை. காலையில் கேட்டுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

சொர்ணம் காமிராவோடு வந்தாள். நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சங்குப்பூவில் எறும்பை ஒரு படம் எடுத்துக் காட்டினாள். நல்ல தெளிவு, மீசை முடி வரைக்கும் விழுந்திருக்கிறது. பின்னால் வெறும் பச்சை.

"காலண்டருக்கு ஆகுமா?" என்றாள்.

"ஆகாது" என்றேன். "பின்னால ஒண்ணுமே இல்லையே."